இஸ்கியா தீவுல நாலு நாள்: கோலி சோடா கடலும் மச்சான் கால்ல ஏறுன முள்ளும்

ஜூன் 15, 2023, வியாழன்: நேப்பிள்ஸ், இஸ்கியா

மிலான்ல ஐ.டி.எம்.ஏ. ஜவுளி மெஷின் கண்காட்சி நேத்தோட முடிஞ்சுதுங்க. ஏழு நாளும் டையிங் மெஷினையே பாத்துப் பாத்து கால் ரெண்டும் வீங்கிப் போச்சு, ஸ்டாலுக்கு ஸ்டால் குடுத்த பிஸ்கட்டும் காபியும் சேந்து வயிறும் மந்தமாயிருச்சு. நான் திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறை லேப்ல பதினெட்டு வருசமா இருக்கேன். கூட வந்தது வீட்டுக்காரி தம்பி, அதே கம்பெனில மெயின்டனன்ஸ். "போனது போறீங்க, நாலு நாள் சேத்தி சுத்திட்டு வாங்க, சொந்தக் காசுல"ன்னு முதலாளி சொல்லி விட்டாரு. அந்தக் கடைசி ரெண்டு வார்த்தைய நல்லா அழுத்தித்தான் சொன்னாரு.

மச்சானுக்கு வெனிஸ் பாக்கணும். எனக்கு இஸ்கியா. காரணம் கேட்டா சிரிப்பீங்க. எங்க எஃப்ளூயன்ட் பிளான்ட்டுல, அதாவது சாயக் கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ற எடத்துல, காரத் தண்ணிய (காரம்னா அமிலத்துக்கு எதிர் கொணம்) ஆசிட் ஊத்தி இறக்கறதுக்கு பதிலா கார்பன் டை ஆக்சைடு கேஸ விட்டு இறக்கலாமான்னு ஒரு பேச்சு ஓடிட்டு இருந்துச்சு, அதப் பத்தி ராத்திரி உக்காந்து தேடிட்டே போனப்ப இத்தாலில ஒரு தீவுக்கிட்ட கடலுக்கு அடில இருந்து அதே கேஸ் காலங்காலமா தானா வந்துட்டு இருக்குன்னு ஒரு வீடியோ மாட்டுச்சு. நாங்க காசு குடுத்து சிலிண்டர்ல வாங்கறத அங்க பூமி சும்மா விட்டுட்டு இருக்கு. அங்கிருந்து மனசுல உக்காந்துக்கிச்சு.

நேப்பிள்ஸ்ல படகுத்துறை ரெண்டு இருக்கறது எங்களுக்குத் தெரியாது. வேகமாப் போற படகு ஒரு பக்கம், மெதுவாப் போற பெரிய கப்பல் இன்னொரு பக்கம். டிக்கெட் வாங்குனது மெதுவானதுக்கு, போயி நின்னது வேகமானது கிட்ட. பெட்டிய இழுத்துட்டு வெயில்ல ஓடுன ஓட்டம் இருக்கே, சட்டை பிழிஞ்சா ஒரு டம்ளர் தேறும். முப்பது டிகிரிதான் காட்டுச்சு, ஆனா கடல் காத்துல ஈரம் அதிகம், நம்மூரு வரண்ட வெயிலு எவ்வளவோ தேவல. ஓடற எங்களப் பாத்து ஒரு வயசான போலீஸ்காரர் கேட்ட மூடப் போனவன இருன்னு கைய காமிச்சு நிறுத்துனாரு. நன்றி சொல்லக்கூட மூச்சு இல்ல.

ஒன்றரை மணி நேரம். இஸ்கியா போன்தேங்கற ஊருல ரூம். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஜன்னலத் தொறந்தா நேரா கடலுக்குள்ள ஒரு பெரிய பாறை, அது மேல ஆரகோன் கோட்டை. கரைல இருந்து அதுக்கு கல் பாலம். 1441-ல அல்போன்சோ ராஜா கட்டுனதாம். நான் தேடி வந்த குமிழி எல்லாம் அந்தப் பாறைக்குக் கீழதான் இருக்கு.

ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு கடைல உக்காந்தோம். மெனுல ஸ்பகெட்டி ஆய் ரிச்சின்னு இருந்துச்சு. ரிச்சோன்னா முள்ளெலி. நம்ம ஆளுங்க கடல் முள்ளெலின்னு சொல்ற மாதிரியே அவனுங்களும் அந்த முள்ளு உருண்டைக்கு கடல் முள்ளெலின்னுதான் பேர் வெச்சிருக்கானுங்க, இங்கிலீஷ்ல அர்ச்சின்கறதும் பழைய காலத்துல முள்ளெலிதானாம். யாரு பாத்தாலும் அதே ஞாபகம்தான் வந்திருக்கும்போல. ஆசையா ஆர்டர் பண்ணா, பரிமாற வந்த பெரியவரு விரல மடக்கி மடக்கி "மாஜ்ஜோ நோ, ஜூன்யோ நோ"ன்னாரு. மே, ஜூன் ரெண்டு மாசமும் இத்தாலி பூராவும் பிடிக்கத் தடை, அது முட்டை போடற காலம். மத்த மாசத்துலயும் முள்ளோட சேத்தி 7 செ.மீ. இல்லாதத தொடக் கூடாது, பொழுதுபோக்குக்குப் பிடிக்கறவங்க நாளுக்கு 50-க்கு மேல எடுக்கக் கூடாதுன்னு 1995-லயே சட்டம். தெக்க புலியா மாநிலத்துல இந்த வருசம் மூணு வருசத்துக்கு மொத்தமா நிறுத்திட்டாங்களாம், அவ்வளவு தூரம் தின்னு தீத்துட்டாங்க. அப்பறம் எதுக்குய்யா மெனுல போட்டிருக்கீங்கன்னு மச்சான் தமிழ்லயே கேட்டான். பெரியவரு தோளக் குலுக்கிட்டு தக்காளி ஸ்பகெட்டி கொண்டாந்து வெச்சாரு. பில்லுல ஆளுக்கு ரெண்டு யூரோ சேத்தி இருந்துச்சு, என்னன்னா உக்காந்ததுக்கு. கிட்டத்தட்ட 180 ரூபா. மச்சான் ஊருக்குப் போயி கைலாசம் மெஸ்ஸுல இதச் சொல்லிச் சிரிக்கணும்னு குறிச்சு வெச்சுக்கிட்டான்.

ஜூன் 16, வெள்ளி: கோட்டையும் வினிகரும்

காலைல கோட்டை. டிக்கெட் ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல. உள்ள ஒரு கன்னியாஸ்திரி மடம், அதுக்கு அடில ஒரு இருட்டு அறை. செத்துப்போன கன்னியாஸ்திரிங்கள கல் நாற்காலில உக்கார வெச்சு உடம்பு தானா கரைஞ்சு கீழ தொட்டில வடியற வரைக்கும் விட்டுருவாங்களாம், மத்தவங்க தினம் வந்து அதுங்க முன்னால உக்காந்து ஜெபம் பண்ணணுமாம். நான் அஞ்சு நிமிசத்துல வெளிய வந்துட்டேன். மச்சான் நாற்காலிய எண்ணிட்டு வந்தான்.

மதியம் கார்த்தரோமானாங்கற கோட்டைக்கு எதிர்த்த குடா. மணல் கம்மி, பாறைதான். என் பாக்கெட்டுல பேனா மாதிரி ஒரு பி.எச். மீட்டர் எப்பவும் இருக்கும், தண்ணி அமிலமா காரமான்னு நம்பர்ல காட்டும், ஏழுக்குக் கீழன்னா அமிலம், மேலன்னா காரம், கண்காட்சிக்கும் எடுத்துட்டுப் போயிருந்தேன். கரைத் தண்ணில விட்டேன், 8.1. ஒரு காரியமும் இல்லாட்டியும் அந்த நம்பரப் பாத்ததும் ஒரு சந்தோசம், புக்குல போட்டிருக்கற மாதிரியே இருக்கேன்னு.

அந்த நேரத்துக்கு மச்சான் "மாமா!"ன்னு போட்டான் பாருங்க ஒரு சத்தம். செருப்பு இல்லாம பாறை மேல கால வெச்சு முள்ளெலி மேல ஏறிட்டான். குதிங்கால்ல ஒரு பத்துப் பன்னெண்டு கருப்புப் புள்ளி. இழுத்தா வரல, ஒடிஞ்சு ஒடிஞ்சு உள்ளயே நிக்குது. பக்கத்துல வெயில் காஞ்சிட்டு இருந்த ஒரு குடும்பமே எந்திரிச்சு வந்து ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுச்சு. ஒருத்தரு ஆலிவ் எண்ணெய்ன்னாரு, ஒருத்தரு சுடுதண்ணின்னாரு, ஒரு சின்னப் பையன் மூத்திரம்னு சொல்லி அவங்க அம்மாகிட்ட அடி வாங்குனான். அதுல ஒரு தாத்தா கால உத்துப் பாத்து "மாஸ்கியோ"ன்னாரு. ஆம்பளைங்கறாரு. அப்பறம்தான் புரிஞ்சுது, இங்க ரெண்டு ஜாதி முள்ளெலி, ஊதா பழுப்பு கலந்தது பொம்பளையாம், கன்னங்கரேல்னு இருக்கறது ஆம்பளையாம், பொம்பளையத்தான் திங்கலாமாம். இந்தக் கதை சுத்தப் பொய்யின்னு அடுத்த நாள் தெரிஞ்சுது. அது ரெண்டும் வேற வேற இனம், ரெண்டுலயும் ஆணும் இருக்கு பொண்ணும் இருக்கு.

நொண்டிக்கிட்டே மூணு மாடி ஏறுனான். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயசு இருக்கும், ஒரு வார்த்தை கேக்கல, கண்ணாடியப் போட்டாங்க, பேசின் எடுத்தாங்க, வெள்ளை வினிகர ஊத்துனாங்க. கால அரை மணி நேரம் ஊற வெச்சு, பெருசா தெரிஞ்சத இடுக்கில எடுத்து, மிச்சத்துக்கு பஞ்ச வினிகர்ல நனைச்சுக் கட்டி விட்டுட்டு, "தொமானி"ன்னு கைய விரிச்சாங்க. நாளைக்கு இருக்காதுன்னு அர்த்தம்.

எனக்கு அப்ப மண்டைல மணி அடிச்சுது. வினிகர்னா அசிட்டிக் ஆசிட். சாயம் ஏறுன துணில மிச்சம் நிக்கற காரத்த எடுக்க நாங்க தினமும் கேன் கேனா ஊத்தறது அதத்தான். முள்ளு என்ன? சுண்ணாம்பு, அதுலயும் மக்னீசியம் நெறையக் கலந்த சுண்ணாம்பு, சாதாரண கிளிஞ்சல விட சீக்கிரம் கரையற வகை. இடுக்கில எடுத்துப் போட்ட ஒரு துண்ட ஒரு சாசர்ல வெச்சு வினிகர் ஊத்துனேன். முள்ளு மேல பொடிப் பொடியா குமிழி வந்து உக்காந்துச்சு, ஒண்ணொண்ணா கழண்டு மேல போச்சு. அந்தக் குமிழியும் அதே கார்பன் டை ஆக்சைடுதான். தூங்கப் போற வரைக்கும் அதயே பாத்துட்டு இருந்தேன். மச்சான் கடுப்பாயிட்டான், "என் காலு வலிக்குது, நீங்க சாசரப் பாருங்க."

ஜூன் 17, சனி: சோடாக் கடல்

காலைல எந்திரிச்சதும் சாசரத்தான் பாத்தேன். முள்ளக் காணோம், சவ்வு மாதிரி ஒரு நூலு மட்டும் மெதந்துச்சு. சரி, நம்ம விடற புகை கரைஞ்சு கடல் அமிலமாகுதுன்னு சொல்றாங்களே, அப்படி ஆனா இதுதான் நடக்கப் போகுது, முள்ளெலி எல்லாம் இப்படியே கரைஞ்சு போயிரும்னு நானே ஒரு முடிவுக்கு வந்துட்டேன். அது தப்புன்னு மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சு போச்சு.

சின்னப் படகு, எங்களோட சேத்தி ஆறு பேரு, ஆளுக்கு 35 யூரோ. கூட்டிட்டுப் போனது நேப்பிள்ஸ்ல கடல் உயிரியல் படிக்கற ஒரு பொண்ணு, லீவுல இந்த வேலை பாக்குது. இங்கிலீஷ் என்னளவுக்குத்தான், அதனால ரெண்டு பேருக்கும் நல்லாப் புரிஞ்சுது. ஏறுனதும் மொத வேலையா, இது நெப்டியூன் ராஜ்ஜியம்ங்கற பாதுகாக்கப்பட்ட கடல், எதையும் தொடாதீங்க, எடுக்காதீங்கன்னு சொல்லிருச்சு. மச்சான் கட்டுப் போட்ட காலக் காமிச்சு "நான் தொடல, அதுதான் தொட்டுச்சு"ன்னான்.

நான் கிணத்துல சுரைப்புருடை கட்டி நீச்சல் பழகுனவன். கடல் உப்புத் தண்ணி ஆள மேல தூக்கும்னு தெரியும், வாய்க்குள்ள போனா எப்படி இருக்கும்னு தெரியாது. ரெண்டு மடக்கு குடிச்சதுக்கு அப்பறம்தான் கண்ணாடிக்குள்ள ஒழுங்காப் பாத்தேன்.

என்னத்தச் சொல்றது. ஆழம் ஒண்ணும் இல்ல, ரெண்டு ஆள் மட்டம்கூட வராது. கீழ பச்சைப் புல்லுக்காடு, போசிடோனியாங்கற கடல் புல்லு, நாடா நாடாவா ஆடுது. அதுக்கு நடுவுல மணல்ல இருந்து, பாறை இடுக்குல இருந்து, சரம் சரமா குமிழி. கோலி சோடாவ ஒடைச்ச ஒடனே பாட்டிலுக்குள்ள வருமே, அதே மாதிரி, ஆனா நிக்கறதே இல்ல. கைய நீட்டுனா விரலுக்கு நடுவுல கிச்சுகிச்சு மூட்டிட்டுப் போகுது. காதுல சலசலன்னு எண்ணெய்ல வடகம் பொரியற சத்தம். சூடும் இல்ல, அழுகுன முட்டை நாத்தமும் இல்ல. இந்த எடத்த விஞ்ஞானிங்க விடாமப் பிடிச்சுக்கிட்டதுக்கு காரணமே அதுதானாம். மத்த எரிமலைக் கடல்ல சூடும் கந்தகமும் சேந்து வரும், எது எதனால ஆச்சுன்னு பிரிக்க முடியாது. இங்க வர்ற கேஸ்ல 90 முதல் 95% வரைக்கும் கார்பன் டை ஆக்சைடு, கந்தகம் கிடையாது, தண்ணி பக்கத்துத் தண்ணி அளவுக்குத்தான் சூடு. பாறைக்கு தெக்குப் பக்கம் மட்டும் நாளுக்கு 14 லட்சம் லிட்டர் கேஸ் வருதுன்னு 2008-ல நேச்சர் இதழ்ல வந்த கட்டுரைல கணக்குப் போட்டிருக்காங்க. அந்தப் பொண்ணுக்கு நம்பர் எல்லாம் மனப்பாடம்.

அந்தக் கட்டுரை வந்த வழியும் சுலபம்தான். குமிழி இல்லாத எடத்துல இருந்து குமிழி நெறைய இருக்கற எடத்துக்கு நீந்திட்டே போயி வழில என்னென்ன இருக்கு, என்னென்ன காணாமப் போகுதுன்னு எண்ணிருக்காங்க. நாங்களும் அதேதான் பண்ணோம். படகு நின்ன எடத்துல பாறை பூரா ரோஸ் கலர்ல சுண்ணாம்புப் பாசி ஒட்டியிருந்துச்சு, பொந்துக்குப் பொந்து ஒரு முள்ளெலி. ஊதா முள்ளெலி தலை மேல சிப்பித் துண்டு, புல்லுத் துண்டு, கல்லு எல்லாம் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கு, வெயிலுக்கு முக்காடு போட்ட கெழவிங்க மாதிரி. கருப்பு ஜாதி அந்த மாதிரி எதுவும் வெச்சுக்கறதில்ல. குமிழி பக்கம் போகப் போக ரோஸ் கலரு போயிருச்சு, பாறை பச்சையும் பழுப்புமா ஆயிருச்சு, முள்ளெலி அங்கொண்ணு இங்கொண்ணு. நல்லா சலசலக்கற எடத்துல எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கண்ணுல பட்டுச்சு. புல்லுக்குக் கொண்டாட்டம், அதுக்கு கேஸ் சாப்பாடு.

படகுல ஏறி ரொட்டி தின்னுட்டே என் சாசர் கதையச் சொன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சிருச்சு. வினிகரோட பி.எச். எவ்வளவுன்னு கேட்டுச்சு. ரெண்டரைன்னேன். இங்க கடலு எவ்வளவு? 8.1. எல்லாரும் பயப்படற 2100-ம் வருசத்துக் கடலு? 7.8 பக்கம். அப்பவும் காரம்தான, ஏழுக்கு மேலதான இருக்கு? ஆமா. அப்பறம் எப்படிக் கரையும்?

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. ஏன்னா எங்க பட்டறைல 8.1-க்கும் 7.8-க்கும் வித்தியாசம்னு யாராச்சும் வந்து நின்னா, போயி டீ குடிச்சிட்டு வான்னு சொல்லுவேன். பி.எச். பேப்பர்ல நனைச்சா ரெண்டும் ஒரே பச்சை. ஆனா பி.எச். கணக்கு பத்து மடங்குக் கணக்குன்னு படிச்சது அப்பத்தான் உறைக்குது. 0.3 எறங்குனா அமிலத் துகள் ரெண்டு மடங்கு. தொழிற்சாலை எல்லாம் வர்றதுக்கு முன்னால இருந்த 8.2 இன்னைக்கு 8.1 ஆயிருக்கு, அது ஒண்ணுக்கே கால் பங்குக்கு மேல ஏறியிருக்கு. நம்ம விடற புகைல கிட்டத்தட்ட கால்வாசிய கடல்தான் வாங்கி உள்ள போட்டுக்குது. வாங்குன கேஸ் தண்ணில கரைஞ்சு, அங்க இருக்கற கார்பனேட்ட பைகார்பனேட்டா மாத்திப்புடுது. இதுதான் எங்க எஃப்ளூயன்ட் தொட்டில சோடா ஆஷ் (சாயத்துக்குப் போடற காரப் பொடி) தண்ணிக்குள்ள கேஸ விட்டா நடக்கறதும். நாங்க அதச் சிக்கனம்னு சொல்லிட்டு இருக்கோம். முள்ளெலிக்கு ஓடு கட்ட வேணுங்கற சரக்கே அந்தக் கார்பனேட்டுதான்.

சரி, கரையலன்னா பின்ன என்னதான் ஆகுதுன்னு கேட்டேன். அது சொன்னத என் பாசைல சொல்றேன். உசுரோட இருக்கற முள்ளெலிக்கு ஓட்டு மேல, முள்ளு மேல எல்லாம் தோலு இருக்கு, என் சாசர்ல கெடந்த செத்த முள்ளு மாதிரி இல்ல. ஓட்டுக்குள்ள உடம்புத் தண்ணி. மீனுக்கு இருக்கற மாதிரி ரத்தம், செவுளுன்னு பெரிய ஏற்பாடு கிடையாது, உள்ள சேர்ற கேஸு தானா வெளிய கசிஞ்சு போகணும். வெளியவே கேஸ் நெறைஞ்சு நின்னா எங்க போகும்? உள்ள தங்கி உடம்புத் தண்ணியோட பி.எச். எறங்கும். அத ஏத்தறதுக்கு பைகார்பனேட்ட சேத்து வெச்சு அட்ஜஸ்ட் பண்ணுது. வளந்த முள்ளெலிக்கு அது ஓரளவு முடியும், இனத்துக்கு இனம் திறமை மாறும். ஆனா எதுவும் ஓசில நடக்கறதில்ல.

குஞ்சுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். முட்டைல இருந்து வர்றது முள்ளு உருண்டையா வராது, மணல விடச் சின்னதா, கையும் காலும் நீட்டுன ஒரு கூடாரம் மாதிரி கடல்ல மெதந்துட்டு திரியும். அதுக்கு வயித்துக்குள்ள பி.எச். 9.5. நமக்கு வயித்துல ஆசிட், அதுக்கு சோடா ஆஷ் போட்ட சாயத் தொட்டி! கேட்டதும் நான் எந்திரிச்சே நின்னுட்டேன், படகு ஆடிருச்சு. நான் சாயத் தொட்டில பி.எச். எறங்குனா ஒரு மூட்டை எடுத்துக் கொட்டுவேன், அது ஒவ்வொரு செல்லா பம்ப் ஓட்டி ஏத்தணும். வெளித் தண்ணி அமிலமாக ஆக பம்ப் கரண்டு பில்லு ஏறுது, செரிமானமும் மந்தமாகுது, தின்னாலும் ஒட்ட மாட்டேங்குது. அமெரிக்காவுல 2015-ல அங்கத்த ஊதா முள்ளெலிக் குஞ்ச வெச்சுப் பாத்ததுல, அமிலத் தண்ணில வளந்தது தன்னோட சக்தில 84% வரைக்கும் புரதம் கட்டறதுக்கும் இந்த பம்ப் வேலைக்குமே குடுத்துருதாம். வெளிய இருந்து பாத்தா குஞ்சு நல்லாத்தான் இருக்கு, அளவுலகூட வித்தியாசம் தெரியலையாம். மாசச் சம்பளம் நூறு ரூபால 84 ரூபா வாடகைக்கும் அரிசிக்கும் போயிருது, ஒரு காய்ச்சல் வந்தா கைல என்ன இருக்கும்? எங்க லைன் வீடுங்கள்ல இந்தக் கணக்கு எனக்கு நல்லாவே தெரியும். பாத்தா யாரும் பட்டினி கெடக்கற மாதிரி இருக்காது.

இதோட நிறுத்துனா அந்தப் பொண்ணு பயமுறுத்தறதுக்குத்தான் பேசுதுன்னு நெனச்சிருப்பேன். அதுவே இன்னொண்ணும் சொல்லுச்சு. வடக்க குளிர் கடல்ல ஒரு பச்சை முள்ளெலி, அத நாலு மாசம் அமிலத் தண்ணில வெச்சா பொண்ணு முள்ளெலி போடற முட்டை நாலரை மடங்கு குறைஞ்சு போச்சாம். அதையே பதினாறு மாசம் வெச்சிருந்தா? வித்தியாசமே இல்லையாம். பழகிக்குச்சு. நாலு மாசத்தோட கட்டுரை எழுதியிருந்தா ஒரு உலகம், பொறுத்திருந்து எழுதுனா வேற உலகம். சரி அப்ப பிரச்சினை இல்லையான்னு மச்சான் கேட்டான். அந்தப் பொண்ணு உதட்டப் பிதுக்கிட்டு, தண்ணிக்குள்ள இருந்த ரோஸ் பாறையக் காமிச்சுது. அந்த ரோஸ் பாசி முள்ளெலிக்கு தீனி. அது சுண்ணாம்புப் பாசி, அமிலம் ஏறுனா மொதல்ல போறது அதுதான். சுண்ணாம்பு இல்லாத பாசியத் தின்ன முள்ளெலிக்கு ஓடு மெலிசாகுதுன்னு இத்தாலிக்காரங்களே தொட்டில வளத்துப் பாத்துட்டாங்க. அதனால உடம்பு பழகுனாலும் சோத்துல மண்ணு விழுந்துருது. ஓடு மெலிஞ்சா பல்லு வலுவான மீனுக்கு லாபம்.

நடத்தைய எப்படி அளக்கறதுன்னும் கேட்டேன், பூச்சிக்கு நடத்தை உண்டா என்ன. தொட்டில தலைகீழாப் போட்டு ஸ்டாப்வாட்ச் வெப்பாங்களாம். ஓட்டுல வரிசை வரிசையா இருக்கற குட்டி உறிஞ்சு காலால கண்ணாடியப் பிடிச்சு, முள்ள ஊணி, உருண்டு நிமிரணும். நிமிர எவ்வளவு நேரம் ஆகுதுங்கறதுதான் அதோட தெம்புக்கு அளவு. மல்லாந்து கெடக்கற நேரம்தான் மீனுக்கு வசதி, அடிவயித்துல வாய்ப்பக்கம் ஓடு மெத்துன்னு இருக்கும். அப்பறம் அந்த முக்காடு. எத்தனை துண்டு தூக்கி வெக்குதுன்னும் எண்ணுவாங்களாம். எனக்கு ஒடனே ஒண்ணத் திருப்பிப் போட்டுப் பாக்கணும்னு கை துறுதுறுன்னுச்சு, அந்தப் பொண்ணு மொறச்சதுல கைய மடக்கிக்கிட்டேன்.

இங்க குமிழிக்குப் பக்கத்துல வாழற ஒண்ணு ரெண்ட வெச்சு எல்லாம் நல்லாப் போகும்னும் சொல்லிற முடியாதாம். அதுங்க முள்ள ஊணி பத்தடி நகந்தா நல்ல தண்ணி, குஞ்சுங்களும் வெளில நல்ல தண்ணில வளந்துட்டு வந்து இங்க ஒட்டறதுதான். ஊரு பூராவும் இப்படி ஆனா நகர்றதுக்கு எடம் ஏது.

இவ்வளவுக்கும் நடுவுல என் பேனா மீட்டர். குமிழிக்கு நடுவுல பாட்டில்ல தண்ணி பிடிச்சு அதுக்குள்ள விட்டேன், 7.3 காமிச்சுது. நம்ப முடியாம ரெண்டாந்தரம் எட்டிக் கடல்லயே விட்டுப் பாக்கலாம்னு குனிஞ்சேன், ப்ளக்னு ஒரு சத்தம். மூவாயிரத்து ஐந்நூறு ரூபா. அந்தப் பொண்ணு மூச்சப் பிடிச்சு எறங்கி எடுத்துட்டு வந்துச்சு, பாதுகாக்கப்பட்ட கடல்ல குப்பை போடக் கூடாதுன்னு சொல்லி நீட்டுச்சு. உள்ள தண்ணி போயி செத்துருச்சு. பாட்டில மட்டும் மூடி போட்டு பத்திரமா பைல வெச்சுக்கிட்டேன்.

சாயங்காலம் பஸ் ஏறி மரோன்தி பீச். அங்க மணல்ல ஒரு எடத்துல ஆவி வருது, சனங்க முட்டையும் உருளைக்கிழங்கும் காகிதத்துல சுத்திப் பொதைச்சு வெச்சு வேக வெச்சுத் திங்கறாங்க. ஒரே தீவு, ஒரே எரிமலை, அங்க சில்லுனு கேஸு, இங்க கொதிக்கற மணலு. பக்கத்துல இருந்த பாட்டி ஒருத்தங்க கேக்காமயே ரெண்டு முட்டையத் தோண்டி எங்ககிட்ட குடுத்து, உப்பையும் ஒரு பொட்டலத்துல குடுத்தாங்க. பஸ்ஸு சுத்திட்டுப் போன வழில காசமிச்சோலா, போன நவம்பர்ல மலைச்சரிவுல பன்னெண்டு பேரு செத்த ஊரு. சேறு வடிஞ்ச தடம் சுவத்துல இன்னும் தெரியுது. பஸ்ஸுல யாரும் அந்தப் பக்கம் திரும்பல.

ஜூன் 18, ஞாயிறு: முயல் கறி, நேப்பிள்ஸ்

வீட்டுக்கார அம்மா ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு இருந்துதான் போகணும்னுட்டாங்க. இங்க ஞாயிறுன்னா முயல், தக்காளி, பூண்டு, வெள்ளை ஒயின் போட்டு மண் சட்டில. முன்னெல்லாம் வீட்டுக்கு வீடு தோட்டத்துல குழி தோண்டி அதுக்குள்ள முயல வளப்பாங்களாம், குழிச்சுவத்துல அது தானா வளை பறிச்சுக்கும். காரம் இல்லாததுதான் கொறை, மச்சான் பைல இருந்து இட்லிப் பொடி எடுத்தான், அந்த அம்மா ஒரு விரல்ல தொட்டு நக்கிட்டு பொட்டலத்தையே வாங்கி அலமாரில வெச்சுக்கிட்டாங்க. கிளம்பறப்ப அவன் கால இன்னொருதரம் தூக்கிப் பாத்துட்டு "ஊனோ"ன்னாங்க. ஒண்ணு பாக்கி.

நேப்பிள்ஸ் வந்து சேரவே பொழுது சாய ஆயிருச்சு. கடலோரப் பார்க்குக்குள்ள ஒரு வெள்ளைக் கட்டடம், ஆன்டன் டோர்ன்ங்கற ஜெர்மன்காரர் 1872-ல ஆரம்பிச்ச கடல் ஆராய்ச்சி நிலையம், கீழ மீன் காட்சி சாலை. நாங்க போறப்ப மூடிட்டாங்க. கம்பிக்கு வெளிய நின்னு பாத்தோம். முள்ளெலி முட்டை கண்ணாடி மாதிரி, உள்ள நடக்கறது அப்படியே தெரியும். அதனாலயே ஒரு காலத்துல உலகத்து ஆளுங்க எல்லாம் இங்க வந்து உக்காந்துட்டாங்க. குரோமோசோம்ல ஒண்ணு கொறஞ்சாலும் கரு ஒழுங்கா வளராதுன்னு போவெரிங்கற விஞ்ஞானி கண்டது முள்ளெலி முட்டைல. முட்டை கரு ஆன ஒடனே மூச்சு வாங்கறது பல மடங்கு ஏறுதுன்னு ஓட்டோ வார்பர்க் 1908-ல இங்க அளந்தாரு. அப்பவும் வரவு செலவுக் கணக்குத்தான் பாத்திருக்காங்க. மச்சான் பார்க் பெஞ்சுல உக்காந்து எலுமிச்சை ஐஸ் தின்னுட்டு இருந்தான், மூணு யூரோ, இந்த ஊருல குடுத்த காசுக்கு மனசு வலிக்காத ஒரே பொருள்னான்.

எனக்கு அங்க நிக்கறப்ப எங்க ஊரு நொய்யல் ஆறு ஞாபகம் வந்துச்சு. 2011-ல ஆத்துல சாயக் கழிவு கலக்குதுன்னு கோர்ட்டு எங்க ஊரு சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடச் சொன்னப்ப நான் வேலைக்குச் சேந்து ஆறு வருசம். ஆத்தோட பி.எச்.ச நான் எத்தனையோ தரம் எழுதியிருக்கேன், ஆத்துக்குள்ள இருந்தது என்ன ஆச்சுன்னு ஒரு தரமும் எழுதுனதில்ல, அதுக்குன்னு ஒரு கட்டமே எங்க ரெஜிஸ்டர்ல கிடையாது.

ஜூன் 19, திங்கள்: ஏர்போர்ட்டு

அவசரத்துல பாட்டில கைப்பைலயே வெச்சுட்டேன். செக்யூரிட்டில எடுத்துத் தூக்கிக் காமிச்சு "அக்வா?"ன்னு கேட்டாங்க அந்தம்மா. கடல் தண்ணின்னேன். ஏன்னு கேட்டாங்க. அதுக்கு என்னன்னு பதில் சொல்றது, பின்னால இருபது பேரு நிக்கறாங்க. மூடியத் தொறந்தாங்க, லேசா ஒரு உஸ்ஸு, மோந்து பாத்தாங்க, தொட்டில ஊத்திட்டாங்க. காலி பாட்டில மரியாதையா திருப்பிக் குடுத்தாங்க.

பிளைட் கிளம்பறதுக்கு முன்னால மச்சான் ஷூவக் கழட்டி கால மடில வெச்சு நோண்டிட்டு இருந்தான். பக்கத்து சீட்டு அம்மா மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. கடைசி முள்ளு தானா வெளிய வந்துருச்சு, கருப்பா, எள்ளு அளவு. போர்டிங் பாஸ்ல மடிச்சு சட்டைப் பைல வெச்சுக்கிட்டான்.

"மாமா, லேப்ல அசிட்டிக் ஆசிட் இருக்குதல்ல?"

கேன் கேனா இருக்குன்னேன்.